வருஷம் திரும்பாமல் லங்காவிக்கு

பந்தாய் செனாங், லங்காவி
6.3.1997

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

பூங்காவனம் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆசைதான். கேட்டால் இன்னும் கோபம் வருமோ என்று பயமாக இருக்கிறது. கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது நீங்கள் பின்வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தீர்கள். "போயிட்டு வரேன் அண்ணி" என்றேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "எந்தம்பி போயி வருஷம் திரும்பல, தலைத்திவசம் குடுக்கல. அதுக்குள்ள கடக்கரைக்குக் காத்து வாங்கப் போறவ, திரும்பி வந்து என் வாசல்ல நிக்க வேணாம்" என்றீர்கள். மீனிடம் சொல்வதுபோலச் சொன்னீர்கள். எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தகரக் கதவைத் திறந்துகொண்டுதான் இத்தனை வருஷம் உப்பும் புளியும் போய் வந்தது. அது எனக்குச் சாத்திக்கிடக்கும் என்றால் வீட்டுக்குத் திரும்புகிற கால் தயங்குகிறது. கதவு திறந்திருக்கும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். போதும்.

கோலக் கெடா ஜெட்டியில் ஒரு கூத்து நடந்தது. டிக்கெட் கொடுக்கிற பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன். வாய் பழக்கம். அவளும் இரண்டு கிழித்துக் கொடுத்துவிட்டாள். பெர்ரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். ஒரு மலாய்க்கார அம்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இங்க ஆள் இருக்கா?" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டிக் கேட்டாள். "இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். பாவமாக இருந்தது, ஆனால் கூப்பிடவில்லை. கடல் முழுக்கத் தாண்டுகிறவரை அந்த நாற்காலி காலியாகவே வந்தது.

மைமூன் அக்காவும் காசிம் பாயும் ஜெட்டிக்கே வேனில் வந்திருந்தார்கள். வருஷா வருஷம் நாங்கள் தங்குகிற அதே ரூம்தான், அவர்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னை மரத்தடியில். மைமூன் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார்கள். "அண்ணன் போயி எத்தன மாசம்?" "அஞ்சு மாசம் ஆயிருச்சு." "அப்படின்னா சரிதான். எங்கள்ல நாலு மாசம் பத்து நாளு. அதுக்கப்புறம் பொம்பள வெளிய வரலாம். எங்க கணக்குல நீ வரலாம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." "எங்க அண்ணி கணக்கு வேற அக்கா" என்றேன். "உங்க அண்ணிய இங்க வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்றார்கள்.

நாலு நாளில் வந்துவிடுவேன். விளக்கு ஏற்றும்போது உங்கள் தம்பி படத்துக்கு மேல் இருக்கிற ஒட்டடையை நீங்கள் அடிக்க வேண்டாம், கை தூக்கினால் தோள் பிடித்துக்கொள்ளும். நான் வந்து அடிக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பூங்காவனம்

------

பந்தாய் செனாங்
12.3.1997

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நாலு நாள் என்று எழுதினேன். முடிந்துவிட்டது. உங்கள் கடிதம் வரவில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டு, திரும்ப அவிழ்த்துவிட்டேன். மைமூன் அக்கா, "தபால் வர்ற வரைக்கும் இரும்மா, காலியாத்தானே கெடக்கு ரூம்" என்கிறார்கள். சும்மா இருக்கவில்லை. காலையில் தங்க வருகிறவர்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். உங்களுக்குக் கோபம் வருகிற அளவுக்கு நான் காற்று வாங்கவில்லை.

நேற்று குவா டவுனுக்குப் போனேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வரி இல்லாத கடைகள் வரிசையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா. நாங்கள் வழக்கமாகப் போகிற கடைக்கு வெளியே, நடைபாதையில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. அது புருஷமார் உட்காருகிற பெஞ்சு. பெண்டாட்டிகள் உள்ளே தட்டு, துண்டு, சாக்லெட் என்று அள்ளிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் வெளியே பைகளைக் காவல் காத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லா இனத்து ஆண்களும் இருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே முகம். உங்கள் தம்பியும் அங்கேதான். நான் வெளியே வரும்போதெல்லாம், "ரெண்டு மணி நேரம்டி. ஈப்போவுக்கே பஸ்ஸ ஓட்டிட்டுப் போயிருப்பேன்" என்பார். "நேரம் போகலையா?" என்றால், "கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பார்.

நேற்று நான் உள்ளே போனேன். துண்டைத் தொட்டுப் பார்த்தேன். தட்டைத் தட்டிப் பார்த்தேன். எதைத் தூக்கினாலும், வெளியே யாரிடம் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்பது என்று வந்தது. அவருக்கு எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு"தான். பார்க்காமலே சொல்லுவார். அதற்காகவாவது ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, கால் வலித்ததால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சீனக் கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஆம்பளைங்க எடமாச்சே. உன் வீட்டுக்காரர் எங்க?" என்று மலாயில் கேட்டார். "அவரு வரல. அவருக்குப் பதிலா நான்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பெண்டாட்டி மூன்று பையோடு வந்து அவர் மடியில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்தாள். அவர் என்னைப் பார்த்து, "நாப்பது வருஷமா அடுத்த கட, அடுத்த கடதான்" என்றார். அண்ணி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் தம்பி போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன், நீங்கள் பார்த்துவிட்டதுபோல.

சிரிப்பு அடங்கியதும்தான் கவனித்தேன். அந்தப் பெஞ்சிலிருந்து கடல் தெரியவே இல்லை. குனிந்து பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன். எதிரில் கடையின் கண்ணாடிக் கதவு மட்டும்தான் தெரிகிறது. யாராவது திறந்தால் உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து முகத்தில் அடிக்கிறது. அவ்வளவுதான். அத்தனை வருஷமும் அந்த மனுஷன் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வேறு யாரிடம் சொல்வது இதை. உங்களுக்குத் தம்பி. அதனால்தான் எழுதுகிறேன்.

கதவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் அண்ணி.

பூங்காவனம்

------

சுங்கை பட்டாணி
17.3.1997

பூங்காவனத்துக்கு அங்கம்மா எழுதுவது.

உன் இரண்டு கடிதமும் வந்தது. எனக்கு எழுத்து கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைநாள் உட்கார்ந்தேன். சோறு குழைந்துபோனது.

எனக்கு என்ன குறை. நன்றாக இருக்கிறேன். முழங்கால் எப்போதும்போலத்தான். நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில்.

இங்கே ஆள் ஆளுக்குக் கேட்கிறார்கள். கோயில் தலைவர் பெண்டாட்டி வேண்டுமென்றே நம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஒங்க தம்பி சம்சாரத்த காணமே, ஒடம்பு சொகமில்லையா?" என்று கேட்கிறாள். நான், "நேர்த்திக்கடனுக்குப் போயிருக்கா" என்றேன். "எந்தக் கோயிலுக்கு?" என்றாள். "தண்ணியத் தாண்டி ஒரு கோயிலு" என்றேன். இந்த வயதில் உனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் நம்பவில்லை என்பது அவள் மூக்கிலேயே தெரிந்தது.

உன் வீட்டில் காலையும் மாலையும் நான்தான் விளக்கு ஏற்றுகிறேன். ஒட்டடையை அடித்துவிட்டேன். தோள் ஒன்றும் கழன்று விழவில்லை. தம்பி பச்சையப்பன் படத்துக்கு முன்னால் நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குப் பெண்டாட்டி கடற்கரையில் சீனனோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். இது நன்றாக இருக்கிறதா? நீயே சொல்.

அந்த மைமூனிடம் சொல், அவர்கள் கணக்கு அவர்களுக்கு. நமக்கு ஒரு வருஷம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் மூன்று வருஷம் கோயில் படிகூட ஏறவில்லை. யாரும் என்னை விரல்விட்டு எண்ணி, நீ வரலாம் என்று சொல்லவில்லை.

தகரக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

அங்கம்மா

மறந்துவிட்டேன். உன் பூனை சாப்பிடமாட்டேன் என்று அழும்பு செய்கிறது. நெத்திலி போட்டால் தின்கிறது. தெரிந்துகொள்ள எழுதினேன், வேறொன்றுமில்லை.

------

பந்தாய் செனாங்
22.3.1997

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மைமூன் அக்கா கையில் கொடுத்தபோது பிரிக்கவே பயந்தேன். அவர்கள், "திட்டியிருந்தாலும் தபால்தலை ஒட்டித் திட்டியிருக்காங்க பாரு, பாசம்தான்" என்றார்கள். பூனைக்கு நெத்திலி போட்டதற்கு உங்களுக்குப் புண்ணியம்.

சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அழுததையும் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அது உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அழ முடியவில்லை அண்ணி. அங்கே அவர் செத்துப்போனவர். பஸ் டிப்போவில் கோப்பி குடித்தபடி சாய்ந்தவர், நடுவீட்டில் கிடத்தியவர், மாலை போட்ட படம். யார் வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். நானும் சொல்லிச் சொல்லி, அவர் முகமே எனக்கு அந்தக் கடைசி நாள் முகமாகிவிட்டது. இங்கே வந்தால் அவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் நிற்கிறார். அதற்குமேல் ஓர் அடி போகமாட்டார், நீச்சல் தெரியாது. காசிம் பாய் வேனில் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்கிறார். "முன்னால வாங்கண்ணே" என்றால், "வருஷம் பூரா நான் முன்சீட்டு. என்னைய விட்டுரு பாய், எவனாச்சும் என்னைய ஓட்டிக்கிட்டுப் போகட்டும்" என்கிறார். இந்த மனுஷனைப் பார்க்கத்தான் நான் வந்தேன். காற்று வாங்க இல்லை.

முந்தாநாள் படகில் தாயாங் புந்திங் ஏரிக்குப் போனேன். பிள்ளை இல்லாதவர்கள் போய்த் தண்ணீர் குடிக்கிற ஏரி. நாங்கள் முதல் தடவை லங்காவி வந்ததே அதற்குத்தான் என்று உங்களுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பலிக்கவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு வருஷமும் அங்கே போகாமல் விடமாட்டார். எனக்குத் தலை நரைத்து, அதெல்லாம் நின்றுபோன பிறகும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இன்னும் டயம் இருக்கு, பாப்போம்" என்பார். நான் அவர் முதுகில் ஒன்று போடுவேன். போன வருஷம், போகிற வழியில் ஒரு குரங்கு அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைச் சீப்போடு பிடுங்கிக்கொண்டு போனது. "பாத்தியா, ஒன் மூத்த மவன்" என்றார்.

இந்தத் தடவை ஒரு புது ஜோடி, சின்னஞ்சிறுசுகள், என்னிடம் கேமராவைக் கொடுத்து ஒரு போட்டோ பிடிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் தண்ணீரைக் குடிக்கலாமா வேண்டாமா என்று அவனைப் பார்த்தாள். அவன், "குடிச்சா என்ன, செத்தா போயிருவோம்?" என்றான். அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். போட்டோ ஆடிப்போயிருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. நாங்கள் வந்த இரண்டாம் வருஷம், உங்கள் தம்பி உங்களையும் கூப்பிட்டார். நினைவு இருக்கிறதா? பின்வாசலில் நின்று, "நீயும் வாக்கா, ரூம்பு ரெண்டு இருக்கு" என்றார். நீங்கள், "தாலி அறுத்தவளுக்குச் சுத்துலா ஒரு கேடா? வெளக்கமாறு பிஞ்சிரும்" என்று விரட்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பெர்ரியில் ஏறி உட்கார்ந்ததும், கரை தள்ளிப்போகும்போது, "அக்காவக் கேட்டிருக்கலாம்" என்பார். கேட்டால் நீங்கள் அழுவீர்களோ என்று அவருக்குப் பயம். உங்களுக்கு ஒரு தட்டு செட்டு வாங்கினால்தான் அந்த மனசு ஆறும்.

கதவு பூட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. திறக்கமாட்டேன் என்று எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

பூங்காவனம்

------

சுங்கை பட்டாணி
27.3.1997

பூங்காவனம்,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் படித்தேன்.

நான் உன்னைவிடப் பெரியவள். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

பால் வெட்டப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் மேல் கித்தா மரம் சாய்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத கதை ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தோட்டத்து லயத்தில் திறந்தவெளிப் படம் போட்டார்கள். எனக்குப் படம் என்றால் உயிர். அவர்தான் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் இடம் பிடிப்பார். அன்றைக்கு அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டதும் என்னையறியாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். போகக்கூட இல்லை, வாசலில் நின்றேன். என் மாமியார், "இன்னும் மண்ணு காயல, இவளுக்குப் படம் கேக்குது" என்று லயத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அதோடு நான் உள்ளே போனேன். உள்ளே போனவள்தான். பச்சையப்பன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டில் வைத்த பிறகும் நான் உள்ளேதான் இருந்தேன். பசார், கோயில், வீடு. யாரும் கட்டிப்போடவில்லை. நானே இருந்தேன். அதுதான் முறை என்று இருந்தேன். அப்படி இருந்தால் அவருக்கு நான் நல்ல பெண்டாட்டி என்று இருந்தேன்.

அன்றைக்கு நீ பையைத் தூக்கியதும் என் வாயில் வந்தது நானில்லை. என் மாமியார்.

நீ இப்போது அழுகிறாய், சிரிக்கிறாய், படகில் போகிறாய், அவனைப் பார்த்தேன் என்கிறாய். அப்படியானால், அந்தப் படத்துக்கு நான் போயிருந்தால் எனக்கும் அவர் தெரிந்திருப்பாரா? பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? எனக்கு இப்போது அவர் முகம் சரியாக ஞாபகம் இல்லை பூங்காவனம். மீசை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

நீ செய்தது சரி என்றால் நான் இத்தனை வருஷம் அடைந்து கிடந்தது எதற்கு? யாராவது எனக்குச் சொல்லுங்கள். உனக்குக் கதவைத் திறந்துவிட்டால் அந்தக் கேள்வியும் உன்னோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறேன். உன்மேல் இருக்கிற கோபத்தால் இல்லை.

அங்கம்மா

------

பந்தாய் செனாங்
31.3.1997

என் அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாவதுவரை படித்தவள் நான், இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. மைமூன் அக்காவிடம்கூடக் கேட்கவில்லை. இது நம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தெரியும். நீங்கள் உள்ளே இருந்ததால்தான் எனக்குக் கருக்கலைந்தபோதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு அந்தத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தீர்கள். எதற்கு இருந்தேன் என்கிறீர்களே, எனக்கு இருந்தீர்கள். இது பதில் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை காலைப் பெர்ரியில் வீட்டுக்கு வருகிறேன். முன்வாசல் வழியாகவே வருகிறேன், தெரு முழுக்கப் பார்க்கட்டும். நீங்கள் இனி யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம். வந்த பிறகு பின்பக்கம் வந்து நிற்பேன். நீங்கள் திறக்க வேண்டியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வோம். உங்கள் வீட்டுக்காரர் மீசையைப் பற்றிச் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்.

உங்கள்,
பூங்காவனம்

------

சுங்கை பட்டாணி
4.4.1997

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

இதோடு கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு அழ உட்காராதே, முழுதும் படி. நீ புதன்கிழமை கிளம்பி வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. நான் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறேன்.

கோயில் தலைவர் பெண்டாட்டி நேற்று மறுபடி சைக்கிளை நிறுத்தினாள். "நேர்த்திக்கடன் இன்னும் முடியலையா?" என்று இழுத்தாள். நான் சொல்லிவிட்டேன். "கோயிலும் இல்ல குளமும் இல்ல. லங்காவிக்குப் போயிருக்கா. நானும் போறேன். ஒனக்கு எதாச்சும் வாங்கியாரணுமா?" அவள் வாயை மூட முடியாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கோடாலித் தைலம் மாதிரி அங்கே கடல் அட்டையில் எடுக்கிற காமாட் எண்ணெய் கிடைக்குமாமே, இரண்டு போத்தல் என்றாள். இந்த ஊர் அவ்வளவுதான் பூங்காவனம். இதற்குப் பயந்தா நான் இருந்தேன்.

டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது. பூனைக்கும் விளக்குக்கும் கோடி வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். நெத்திலி வறுத்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கடைகளுக்குள் வரமாட்டேன், ஏசி எனக்கு ஆகாது. எனக்குத் தட்டு வாங்கித் தராதே, அலமாரியில் பிரிக்காத தட்டே வைக்க இடமில்லை. ஏரித் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அடிப்பேன். அந்த மைமூன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் எனக்கு எண்ண வேண்டாம் என்று சொல்லிவை, அவளுக்கு விரல் போதாது. அங்கே எங்கேயாவது படம் போடுகிற கொட்டகை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வை. எந்தப் பாஷையாக இருந்தாலும் பரவாயில்லை.

பெர்ரியில் வாந்தி வருமா? புளிப்பு மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். ஜெட்டியில் எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே நிற்பது எனக்கு ஒன்றும் தெரியாது. நீ முன்னாலேயே வந்து, எனக்குத் தெரிகிற மாதிரி நில். கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. உன் அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு நில்.

கடலை நான் ஒரே ஒரு தடவைதான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பச்சையப்பனைக் கரைத்த அன்று. அன்றைக்கு ஆண்கள் இடுப்புவரை இறங்கினார்கள், நான் கரையில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிரவே இல்லை. ஜன்னலோரம் இடம் வேண்டும் என்பதை மலாயில் எப்படிக் கேட்பது என்று டாக்சிக்காரனிடம் கேட்டு, ராத்திரியிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி அங்கம்மா